சைகோன் கொழுக்கட்டை கற்கப் புதுச்சேரியில் நான்கு நாட்கள்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறாம் ஆண்டு ஆவணியில் ஒரு புதன்கிழமை புதுச்சேரிக்குப் போனேன். சமையல் கற்றுக்கொள்ளப் போகிறேன் என்று கல்லூரியில் விடுப்புக் கேட்டபோது முதல்வர் சிரித்தார். திருச்சிராப்பள்ளியில் இருபத்தெட்டு ஆண்டுகளாக ரசாயனம் கற்பிக்கிறவன் ஐம்பத்துமூன்றாம் வயதில் கொழுக்கட்டை பிடிக்கப் போவது சிரிப்புக்குரியதுதான். நான் சொன்னது பொய்யன்று. முழு உண்மையும் அன்று.

என் தம்பி அந்துவான் சைகோனில் இருபது ஆண்டுகள் பிரெஞ்சுக் கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்தவன். அன்னாம் நாட்டவளான லானை அங்கேயே மாதா கோவிலில் மணந்தான். மாசியில் அவளோடும் ஆறு வயது மகள் லூசியோடும் ஊர் திரும்பினான். வைகாசியில் வயிறு கெட்டு இரண்டே நாளில் இறந்தான். நான் அடக்கத்துக்கு மறுநாள்தான் போய்ச் சேர்ந்தேன். ஆடியில் என் தமக்கை செசீலி எழுதிய கடிதம் வந்தது. அதிலிருந்து நான்கு வரிகளை அப்படியே தருகிறேன்.

"அன்று ராத்திரி அவள் குச்சிக்கிழங்கு மாவில் அந்த ஊர்க் கொழுக்கட்டை செய்து கொடுத்தாள். விடியற்காலம் வாந்தி கண்டது. கடைசி நேரத்தில் தம்பி 'மா நோ, மா நோ' என்று மூன்று தடவை சொன்னான். மாவுதான் நோகிறது என்று சாகிறவனே சொன்ன பிறகு அவளை அறைக்குள் விட எனக்கு மனம் வரவில்லை, கதவைச் சாத்திவிட்டேன்."

இதையே நீதிபதிக்கும் எழுதிக் கொடுத்திருந்தாள். கடிதத்தின் நோக்கம் பிற்பகுதியில் இருந்தது. பிரெஞ்சுச் சட்டத்தில், தகப்பன் இறந்த குழந்தையின் காரியத்தைத் தீர்மானிக்க நீதிபதியின் முன் குடும்ப சபை கூடும். தந்தைவழியில் மூவர், தாய்வழியில் மூவர். லானுக்கு இங்கே உறவினர் எவரும் இல்லாமையால் அந்த மூன்று நாற்காலிகளுக்கும் எங்களுக்கு அறிமுகமானவர்களே அமர்த்தப்பட்டிருந்தார்கள். தாய் தகுதியற்றவள் என்று சபை சொல்லிவிட்டால் லூசி என் தமக்கையிடம் போவாள். லான் அடுத்த கப்பலில் தனியாகச் சைகோனுக்கு அனுப்பப்படுவாள். சபை நான் போன வாரத்துச் சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு. தந்தைவழி மூவரில் நான் ஒருவன்.

எனக்குக் கோபம் வந்தது. அதைவிட மோசமான ஒன்றும் வந்தது. குச்சிக்கிழங்கு என்று இப்பக்கத்தில் சொல்லப்படும் மரவள்ளிக்கிழங்கில் பிரஸ்ஸிக் அமிலம் என்ற நஞ்சு உண்டு என்பதை ஆண்டுதோறும் வகுப்பில் சொல்கிறவன் நான். சரியாகக் கழுவாத மாவு ஒரு மனிதனைக் கொல்லும். தமக்கையின் கடிதத்தை அறியாமை என்று தள்ளிவிட முடியாதபடி, அவளுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரிந்திருந்தது. ஆகவே அந்தக் கொழுக்கட்டையை என் கையாலேயே செய்து, தின்று பார்த்துவிட்டுச் சபைக்குப் போவது என்று முடிவு செய்தேன்.

இனிப் பயணம். திருச்சியிலிருந்து இரவு வண்டி விழுப்புரத்தை விடிகாலை ஐந்தே முக்காலுக்கு அடைகிறது. புதுச்சேரி வண்டி ஏழு பத்துக்கு. இருபத்துநான்கு மைல், ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று மேல், மூன்றாம் வகுப்பு ஆறணா. எல்லையில் உள்ளே போகிறவர்களை அதிகம் தொந்தரவு செய்வதில்லை. என் பெட்டியில் துணிகளுக்கு நடுவே அன்னபேதி உப்பும் காரமும் அமிலமும் மூன்று சிறு குப்பிகளில் இருந்தன. அவை மூன்றும் சேர்ந்தால் பிரஸ்ஸிக் அமிலத்தை நீல நிறமாகக் காட்டிக்கொடுக்கும். குப்பிகளை எவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்குத் தெரியவில்லை.

நிலையத்தில் பூஸ்-பூஸ் எனப்படும், பின்னாலிருந்து ஆள் தள்ளும் வண்டி பிடித்தேன். தமக்கை வீடு ஊருக்கு மேற்கே சாரம் என்ற சிற்றூரில், இரண்டு மைல்.

"ரெண்டணா ஆவும் மிசே. மயை பேஞ்சி வயி பூரா சேறு. சாரத்துல யாரு வூடு?" என்றான் வண்டிக்காரன். மிசே என்றால் அங்கே ஐயா.

சொன்னேன். வண்டி நின்றுவிட்டது.

"சைகோன்லேந்து வந்து செத்தாரே, அவரு அக்கா வூடா? நீங்க அவருக்கு இன்னா வோணும்?"

"தெரிந்தவர்" என்றேன். அந்தச் சொல்லுக்காக இன்றும் கூசுகிறேன்.

"மாவுல வெச்சிக் கொன்னுட்டாளாமே அந்த மதாம். வண்டி தள்றவன் எனக்கே தெரிஞ்சிபோச்சி, ஜட்ஜி தொரைக்குத் தெரியாமப் பூடுமா? சனிக்கெயமை தீர்ப்பாம். நல்லா ஒக்காருங்க, பள்ளம் வருது."

சாரம் வரும்வரை என் முதுகுக்குப் பின்னால் அவன் மூச்சு வாங்கும் ஒலியைக் கேட்டுக்கொண்டு வந்தேன். ஊர் தீர்ப்பு எழுதி முடித்திருந்தது. சபை கையெழுத்திட வேண்டியதுதான் பாக்கி.

செசீலி அக்கா எனக்கு ஐந்து வயது மூத்தவள். குழந்தையில்லாத விதவை. கொடியவள் அல்லள்; கொடியவளாக இருந்திருந்தால் என் வேலை எளிதாயிருக்கும். லானின் வீட்டில் சாப்பிடப் போகிறேன் என்றதும் காபித் தம்ளரைக் கீழே வைத்தாள்.

"நீ பெரிய படிப்புப் படிச்சவன் தம்பி. நான் சொல்றதுக்கு இன்னா இருக்குது. எழுதி வெச்சிட்டுப் போ, எந்தக் கல்லறையில ஒன்னெ வெக்கணும்னு."

"அன்று அவளும் குழந்தையும் அதே பானையிலிருந்துதானே சாப்பிட்டிருக்கிறார்கள்?"

"அவ சொல்றா. யாரு பாத்தா?"

"மருத்துவர் எழுதிக் கொடுத்த தாள் எங்கே?"

அது மரப்பெட்டியில், ஜெபப் புத்தகத்துக்குள் மடித்து வைக்கப்பட்டிருந்தது. குடல் அழற்சி என்று இரண்டே சொற்கள். மூன்று மாதமாக ஒருவரும் படிக்கவில்லை. அது பிரெஞ்சில் இருந்தது. ஆனால் குடல் எதனால் அழன்றது என்று அந்தத் தாளும் சொல்லவில்லை.

பிற்பகல் பெரிய மார்க்கெட்டில் நான்கு வீசைக் கிழங்கு வாங்கிக்கொண்டு லானின் வீட்டுக்குப் போனேன். தமிழ்க் குடியிருப்பில் இரண்டு அறையும் முற்றமும் உள்ள வாடகை வீடு. என் மனைவி இந்தப் பலகாரத்தைக் கேட்டதாகவும், கற்றுக்கொண்டு போய்ச் செய்து கொடுக்க வேண்டும் என்றும் சொன்னேன். அவளுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். தம்பியிடமிருந்து கற்ற தமிழ். ஆகையால் அந்நிய வாயில் எங்கள் ஊர்ப் பேச்சு.

"அத்தான் அடுப்பாண்ட வருவாரா?" என்று சிரித்தாள். கணவன் இறந்த பிறகு அந்த வீட்டுக்குச் சாப்பிட வந்த முதல் ஆள் நான் என்று பின்னர் அறிந்தேன்.

கிழங்கைத் தோலுரித்து, ஆணியால் துளையிட்ட தகரத்தில் துருவி, துணியில் கட்டிப் பிழிந்தால் பால் போன்ற நீர் வரும். அது தெளியும்போது மாவு அடியில் படிகிறது. மேல்நீரைக் கொட்டிவிட்டுப் புதுநீர் ஊற்ற வேண்டும். முதல் நீரில் கொஞ்சத்தைக் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு, அவள் பார்க்காத நேரத்தில் முற்றத்து மூலைக்குப் போனேன். குப்பிகளிலிருந்து ஒவ்வொன்றாக விட்டுச் சூடேற்றினேன். நீரில் நீலம் இறங்கியது. மெல்லிய நீலம், மாணவர்களுக்குக் காட்டினால் கைதட்டுவார்கள்.

இரண்டு முறை கழுவினால் போதும் என்றாள் லான். நான் நான்கு முறை கழுவினேன்.

"துணியா தொவைக்கிறீங்க, அத்தான்? மாவு பூரா பூடும்."

நான்காம் நீரில் நீலம் இல்லை. ரசாயனம் சொல்லக்கூடியதைச் சொல்லி முடித்துவிட்டது: நஞ்சு உண்டு, கழுவினால் போகும். அன்று அவள் கழுவினாளா என்று எந்தக் குப்பியும் சொல்லாது.

வியாழன் முழுதும் மாவு பாயில் காய்ந்தது. நான் பணப்பெட்டிக் காவல்காரனைப் போல அதன் அருகிலேயே உட்கார்ந்திருந்தேன்.

வெள்ளி காலை இறால் வாங்கினேன். பிள்ளைச்சாவடியிலிருந்து கூடை சுமந்து வந்த ஒரு மீன்காரியிடம். ஒவ்வொன்றாக எடுத்து முகர்ந்து பார்த்தேன். அவள் பொறுமை பத்தாவது இறாலில் முடிந்தது.

"அஞ்சி மைலு தலையில தூக்கினு வரேன். இப்பிடி மோந்துக்கினே இருந்தீங்கன்னா மூக்குள்ள பூந்துக்கும். பொண்ணு பாக்க வந்தாப்புலயே பாக்கறாரு பாரு."

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். பன்றிக்கறியும் சேர்ப்பது வழக்கமாம். ஆனால் லான் மறுத்துவிட்டாள். வெள்ளிக்கிழமை கறி ஆகாது என்றாள். தகுதியற்றவள் என்று எழுதப்படவிருந்தவள் எனக்குக் கத்தோலிக்கருடைய ஒறுத்தல் நாளை நினைவூட்டினாள்.

செய்முறை இதுதான். ஒரு படி மாவில் பாதியைக் கொதிக்கக் கொதிக்க உள்ள நீரால் வெந்துபோகும்படி கிளற வேண்டும். மீதிப் பாதியைப் பச்சையாகவே சேர்த்துப் பிசைய வேண்டும். நீர் மொத்தம் அரைப் படி. எல்லாவற்றையும் கொதிநீரில் போட்டால் பசையாகிவிடும். எல்லாவற்றையும் பச்சைத் தண்ணீரில் பிசைந்தால் உதிர்ந்துவிடும். இறாலை மிளகும், மீனை உப்பில் ஊறவைத்து வடித்த நீரும் விட்டுச் சுருள வதக்கி, சிறு வட்டமாகத் தட்டிய மாவில் வைத்து, பாதி நிலவாக மடித்து ஓரத்தைக் கிள்ள வேண்டும். என்னுடையவை முதலில் வாய் பிளந்தன. விரல் நுனியில் நீர் படக்கூடாது என்பதைப் பன்னிரண்டாவதில்தான் கற்றேன். கொதிநீரில் போட்டால் சுண்ணாம்பு போல் வெளுத்தவை ஏழெட்டு நிமிடத்தில் மிதந்து, கண்ணாடியாகி, உள்ளேயுள்ள இறாலின் சிவப்பு வெளியே தெரியும். உடனே குளிர்ந்த நீருக்கு மாற்றி, வெங்காயத் தாள் வதக்கிய எண்ணெயைப் பூச வேண்டும்.

பன்னிரண்டு இருபதுக்கு லான் தட்டை லூசியின் முன் வைத்தாள். குழந்தை கை நீட்டியது. நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"நான் முதலில்" என்றேன்.

லான் என் பிடியைப் பார்த்தாள், முற்றத்து மூலையில் நான் மறந்து வைத்திருந்த குப்பிகளைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். நான் எதற்கு வந்தேன் என்பது அந்தக் கணத்தில்தான் அவளுக்குத் தெரிந்தது. அந்தத் தட்டிலிருந்து ஒன்றை எடுத்து நின்றபடியே மென்று விழுங்கினாள். அடுப்பறைக்குள் போய் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள்.

பதினொன்று தின்றேன். சுவை நன்றாயிருந்தது என்று எழுத வேண்டும்; எனக்குச் சுவை தெரியவில்லை. கைக்கடிகாரத்தைக் கழற்றி எதிரில் வைத்து நாடி பார்த்தேன். பன்னிரண்டு ஐம்பதுக்கு எண்பத்துநான்கு. ஒரு மணி பத்துக்குத் தொண்ணூற்றாறு. தலை லேசாகச் சுற்றுவது போலிருந்தது. அது அமிலத்தின் முதல் அறிகுறி. அச்சத்தின் முதல் அறிகுறியும் அதுவே. இரண்டையும் பிரித்தறிய எனக்குத் தெரிந்த சோதனை ஏதுமில்லை. லூசி இதற்குள் ஆறு தின்றிருந்தாள். அவள் உதடுகளின் நிறத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இருவரும் இறந்தால் தமக்கை சொன்னது மெய்யாகும். பிழைத்தால் ஒன்றும் மெய்ப்படாது. இந்த அறிவுக்கு எத்தனை பட்டம் வாங்கினேன் என்று என்னை நானே கேட்டுக்கொண்டேன்.

இரண்டு மணி சுமாருக்கு லூசி மிச்ச மாவை உருட்டி வைத்துக்கொண்டு வீட்டு விளையாட்டு ஆடினாள். ஒரு பொம்மையை நாற்காலியில் உட்காரவைத்து, குரலைக் கட்டையாக்கி, பொம்மைக்காகப் பேசினாள்.

"மா நோ. தண்ணி கொண்டா. மா நோ."

என் விரல் நாடியின் மேல் இருந்தது. எண்ணிக்கை தவறிவிட்டது.

"யார் பேசுவது, லூசி?"

"அப்பா" என்றாள், இது கூடத் தெரியாதா என்பது போல.

"அப்பா யாரைக் கூப்பிடுகிறார்?"

"அம்மாவை."

அடுப்பறை வாசலில் போய் நின்று, 'மா நோ' என்றால் என்ன என்று லானைக் கேட்டேன். அவள் திரும்பவில்லை.

"மான்னா அம்மா. நோன்னா அது, கொயந்தை. கொயந்தையோட அம்மான்னு கூப்புடறது. எங்கூர்ல பொண்டாட்டி பேரைச் சொல்ல மாட்டாங்க. அவரும் சொல்ல மாட்டாரு."

நம் ஊரிலும் சொல்வதில்லை. 'லூசி அம்மா' என்று கூப்பிட வேண்டியவன், இருபது ஆண்டு வாழ்ந்த நாட்டின் வழக்கில் கூப்பிட்டிருக்கிறான். மூன்று முறை. அக்கா சாத்திய கதவுக்கு வெளியே லான் நின்றிருக்கிறாள். மாவும் இல்லை, நோவும் இல்லை.

அதை நான் அவளிடம் சொல்லவில்லை. குழந்தையின் கையைப் பிடித்தவனுக்கு அதைச் சொல்லும் உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை. அஞ்சினேன் என்பதே சரியான சொல்.

மாலை ஆறு மணிக்குச் சாரத்தில் தமக்கையிடம் சொன்னேன். குரலை உயர்த்தவில்லை. "மாவு என்று கேட்டது உன் காது. அவன் பெண்டாட்டியைக் கேட்டான். நீ கதவைச் சாத்தினாய்" என்றேன்.

"வேற எப்பிடி கேக்கும் எனக்கு" என்றாள்.

சனிக்கிழமை சபையில் நீதிபதி முதலில் அவளைத்தான் சாட்சியாகக் கேட்டார். அவள் எழுந்து, "எழுதிக் குடுத்தது தப்பு மிசே. அந்தப் பாஷை எனக்குத் தெரியாது" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டாள். மீதியை நான் சொன்னேன். மொழிபெயர்ப்பாளர் அதைப் பிரெஞ்சில் சொன்னார்: இறப்பவர் தம் மனைவியைக் கூப்பிட்டார், மூன்று முறை. லானுக்குச் சைகோன் பிரெஞ்சு நன்றாக வரும். கணவன் கூப்பிட்டதை அவள் ஓர் அலுவலக அறையில், அறிமுகமற்ற ஒருவர் வாயிலிருந்து தெரிந்துகொண்டாள். அறுவரில் ஐவர் குழந்தை தாயிடமே இருக்கட்டும் என்றோம். ஆறாமவர், ஊர் என்ன சொல்லும் என்றார்.

இதற்குப் பின் நடந்தது பயணிகளுக்குப் பயன்படாது. ஆகையால் பயன்படுவதை முதலில் எழுதிவிடுகிறேன். திரும்பும் வண்டி மாலை நான்கு இருபதுக்கு. எல்லையில் சுங்கத்தார் பெட்டியைத் திறந்து பார்ப்பார்கள். நாற்பது நிமிடம் ஒதுக்கிக்கொள்ளுங்கள், குப்பிகள் எதையும் கொண்டுவராதீர்கள். பூஸ்-பூஸ்காரனிடம் ஏறுமுன் கூலி பேசுங்கள், சொந்தக் கதை பேசாதீர்கள். கிழங்கு மாவை வீட்டில் எடுப்பவர்கள் நீரை மூன்று முறையாவது மாற்றுங்கள். கசக்கும் கிழங்கை வாங்கவே வேண்டாம். சைகோன் குடும்பங்கள் இந்த ஊரில் பல உண்டு. கேட்டால் மகிழ்ந்து கற்றுத்தருவார்கள். கேட்கும்போது உண்மையான காரணத்தைச் சொல்லிக் கேளுங்கள். அந்த வீட்டுக்கு நான் இனி அழைக்கப்படுவேனா என்று எனக்குத் தெரியாது.

சபை கலைந்து தாழ்வாரத்துக்கு வந்தோம். லான் என்னைக் கடந்து தமக்கையிடம் போனாள்.

"அக்கா, அவர் எப்பிடிச் சொன்னாரு? அதே மாதிரி சொல்லுங்க."

தமக்கை புரியாமல் விழித்தாள்.

"எங்க பாஷைல மா ரெண்டு இருக்கு. இப்பிடிச் சமமாச் சொன்னா பேய். மேல தூக்கிச் சொன்னா அம்மா. சாவுறவங்க கண்ணுக்குப் பேய் தெரியும்பாங்க. எந்த மா சொன்னாரு? நீங்கதான் கேட்டீங்க. வேற யாரும் கேக்கலை."

தாழ்வாரத்தில் குமாஸ்தாக்கள் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தார்கள். அக்கா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். சுவரைப் பார்த்து நின்று, ஐம்பத்தெட்டு வயதுக் குரலைத் தணித்து, தம்பியின் குரல் எழுந்த அதே உயரத்துக்கு அந்தச் சொல்லைத் தூக்கினாள்.

"மா நோ."

"யா" என்றாள் லான். கூப்பிட்டவருக்கு அவர்கள் நாட்டில் தரும் மறுமொழி அது; இதோ இருக்கிறேன் என்பது போல.

அக்கா மூன்று முறையும் சொன்னாள். மூன்று முறையும் லான் மறுமொழி தந்தாள்.